கர்த்ருத்வமும் அநுமதியும்: காஞ்சி முதல் கடிகாசலம் வரை

அரக்கோணத்திற்குத் தெற்கே காஞ்சிபுரமும், மேற்கே திருக்கடிகை எனப்படும் சோளசிம்மபுரமும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளன. ஒன்று தேவராஜன் எழுந்தருளியிருக்கும் ஹஸ்திகிரி. மற்றொன்று யோகநரஸிம்மன் எழுந்தருளியிருக்கும் கடிகாசலம். இவ்விரு தலங்களையும் சேவிக்கும் யாத்ரிகர் பலர் அறியாத தொடர்பு ஒன்று இவற்றினிடையே உண்டு. 13ஆம் நூற்றாண்டில் காஞ்சியின் காலக்ஷேப கோஷ்டியில் தெளிவாக வகுக்கப்பட்ட ஓர் அர்த்தம், 16ஆம் நூற்றாண்டில் கடிகாசலத்தில் நிலைபெற்ற ஆசார்ய பரம்பரையால் நூல் வடிவில் நிறுத்தப்பட்டது. ஈச்வரன் ஒவ்வொரு ஜீவனுக்கும் அந்தர்யாமியாய் நின்று நியமிக்கிறான் என்றால், அந்த ஜீவன் செய்யும் புண்ணியத்திற்கும் பாபத்திற்கும் அவனே பொறுப்பாவது எங்ஙனம் என்பதே அவ்விசாரம்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஜீவன் கர்த்தா அல்லன் எனில், விதிக்கும் வாக்கியமும் விலக்கும் வாக்கியமும் எவரை நோக்கிப் பேசுகின்றன? தானே ஸ்வதந்த்ர கர்த்தா எனில், ஸர்வநியந்தா என்று வேதாந்தம் ஓதும் பரமபுருஷனுக்கு எட்டாத ஓர் இடம் உலகில் உண்டென்று ஒப்ப வேண்டிவரும். முதல் பக்ஷத்தில் சாஸ்த்ரம் வீணாகிறது. இரண்டாம் பக்ஷத்தில் ஈச்வரத்வம் குறைகிறது. இரண்டையும் இழவாமல் நிற்கும் நிலை எது என்பதையே பூர்வாசார்யர்கள் தேடினார்கள்.

பூர்வபக்ஷங்களின் வரலாறு

ஜகத்காரணம் எது என்று விசாரிக்கும் ச்வேதாச்வதர உபநிஷத்து, பிறர் கூறும் காரணங்களை வரிசைப்படுத்தும்போது காலம், ஸ்வபாவம், நியதி, யத்ருச்சை ஆகியவற்றை அடுத்தடுத்து வைக்கிறது. நியதி என்பது யாவும் முன்னரே முடிவாகிவிட்டன என்னும் வாதம். யத்ருச்சை என்பது யாவும் காரணமின்றித் தற்செயலாக நேர்கின்றன என்னும் வாதம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இவ்விரண்டையும் உபநிஷத்து ஒரே வரிசையில் வைத்து ஒருசேரத் தள்ளுகிறது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

நியதி வாதத்தைத் தம் ஸித்தாந்தமாகவே கொண்டவர் ஆஜீவகர். புத்தர் காலத்தவரான மற்கலி கோசாலர் அச்சமயத்தின் தலைவராக அறியப்படுகிறார். உருட்டிவிட்ட நூலுண்டை தன் நூல் தீரும்வரை உருண்டு ஓய்வது போல, ஞானியும் மூடனும் தத்தம் பிறவிச் சுற்று முடிந்தபின்னரே துக்கம் நீங்குவர். முயற்சியால் அதைக் குறைக்கவோ கூட்டவோ இயலாது என்பது அவர் கொள்கையாகப் பௌத்த நூல்கள் எடுத்துரைக்கின்றன. வடநாட்டில் இச்சமயம் மங்கிய பின்னும் தமிழகத்தில் நெடுங்காலம் வழங்கியது. மணிமேகலையும் நீலகேசியும் ஆஜீவக வாதத்தை எடுத்துக்கொண்டு பேசுகின்றன. வேலூரை அடுத்த பொய்கையில் உள்ள மூன்றாம் இராஜராஜன் காலத்துச் சாஸனங்கள், ஆஜீவகரைக் குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்ளும் ஒரு வரியை மற்ற வரிகளோடு சேர்த்துக் கூறுகின்றன. அவ்வரசன் பட்டமேறியது 1216இல். நடாதூர் அம்மாள் காஞ்சியில் ஸ்ரீபாஷ்யம் ஸாதித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஆகவே நியதி வாதம் அன்று பழங்கதை அன்று. அண்டை நாட்டில் வரி செலுத்தி வாழ்ந்த மக்களின் கொள்கையாகவே அது இருந்திருக்கக்கூடும்.

பிற்காலத்து மேனாட்டிலும் இவ்விரு பக்ஷங்களும் வேறு உருவில் எழுந்தன. உலகின் ஒவ்வோர் அணுவின் நிலையையும் இயக்கத்தையும் ஒருசேர அறியும் புத்தி ஒன்று இருப்பின், அதற்கு வருங்காலம் முழுவதும் இறந்தகாலம் போலவே கண்முன் நிற்கும் என்று பிரான்ஸ் தேசத்துக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் எழுதினார். 1927இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைஸன்பர்க், நுண்பொருளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்று காட்டியபின், இயற்கையின் அடித்தளத்திலேயே தற்செயல் உண்டு என்னும் கருத்து வலுப்பெற்றது. அதைக் கொண்டு மனிதனின் ஸ்வாதந்த்ரியத்தை நிறுவிவிடலாம் என்று கருதியவரும் உண்டு. ஆனால் யத்ருச்சையால் கர்த்ருத்வம் ஸித்திக்காது. காரணமின்றி ஒருவன் கை தானே அசைந்து பிறன்மேல் பட்டால், அதை அவன் அடித்தான் என்று எவரும் சொல்லார். நியதியால் அசைந்த கை எவ்வளவு அவன் செயலன்றோ, யத்ருச்சையால் அசைந்த கையும் அவ்வளவே அவன் செயலன்று. செயல் ஒருவனுடையதாக ஆவதற்கு, அறிவும் விருப்பமும் முயற்சியும் அவனிடத்திலிருந்து எழவேண்டும். வேதாந்திகள் காரணமற்ற செயலைத் தேடவில்லை. தனக்கு உரியவன் எவன் என்று காட்டும் செயலையே தேடினார்கள்.

பாஷ்யகாரரின் நிர்ணயம்

ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு அதிகரணங்கள் இவ்விசாரத்திற்கு மூலம். கர்த்ரதிகரணம், சாஸ்த்ரம் பயனுடையதாக வேண்டுமாதலால் ஆத்மாவே கர்த்தா என்று நிறுவுகிறது. குணங்களுக்கே கர்த்ருத்வம் என்னும் ஸாங்க்ய பக்ஷம் இங்கே தள்ளப்படுகிறது. உடனே வரும் பராயத்தாதிகரணம், அந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீநமானது என்று ச்ருதியைக் கொண்டு நிறுவுகிறது. அப்படியானால் விதிநிஷேதங்கள் வீணாகாவோ என்ற சங்கைக்கு, ஜீவன் செய்த முயற்சியை அபேக்ஷித்தே ஈச்வரன் செயலை நடத்துகிறான் என்பது ஸூத்ரகாரரின் விடை.

இவ்விடையை விளக்க ஸ்ரீபாஷ்யகாரர் எடுத்த த்ருஷ்டாந்தம் நாட்டு வழக்கிலிருந்து வந்தது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவனின் அநுமதியின்றிக் கொடுக்க இயலாது. ஆயினும் அநுமதி பெற்றுக் கொடுத்தபின், கொடுத்தவன் அவனே. அதன் பலனும் அவனையே சேரும். அநுமதித்தவனின் இசைவு இல்லாமல் செயல் நடவாது. அதனால் அச்செயல் கொடுத்தவனை விட்டு நீங்கிவிடுவதும் இல்லை. த்ருஷ்டாந்தம் இந்த அம்சத்தில் மட்டுமே கொள்ளத்தக்கது. ஈச்வரனும் ஜீவனும் ஸமமான உரிமையாளர் என்று எவரும் கொள்ளலாகாது. சொத்தும் அவனுடையது, கொடுப்பவனும் அவனுக்குச் சேஷன்.

வேதார்த்தஸங்க்ரஹத்தில் இதே அர்த்தம் மேலும் விரிகிறது. அறியும் சக்தி, முயலும் சக்தி, முயலாது விலகும் சக்தி என்னும் கருவிகளை ஈச்வரன் எல்லாச் சேதநர்க்கும் பொதுவாக அளித்து, அவை நிலைபெறும்பொருட்டுத் தானே ஆதாரமாய் உள்ளே புகுந்து, அநுமந்தாவாய் நிற்கிறான். அவனளித்த சக்தியைக் கொண்டு ஜீவன் நல்லதிலோ தீயதிலோ தானே இறங்குகிறான். பொதுவாக அளித்ததால் ஈச்வரனிடம் பக்ஷபாதம் இல்லை. தானே இறங்கியதால் ஜீவனிடம் பொறுப்பு நிற்கிறது.

தடுக்க வல்லவன் பாபத்தை அநுமதிப்பது இரக்கமின்மை ஆகாதோ என்ற கேள்வியையும் பாஷ்யகாரர் விடவில்லை. அநாதி காலமாக ஆணையை மீறிவருபவனிடம் தண்டனையை விலக்குவது கருணை ஆகாது என்பது அவர் திருவுள்ளம். ஈச்வரனே சிலரை நற்செயல் செய்வித்து உயர்த்துகிறான், சிலரைத் தீச்செயல் செய்வித்துத் தாழ்த்துகிறான் என்று தோன்றும் கௌஷீதகி வாக்கியத்திற்கும் அவர் எல்லை வகுத்தார். அது எல்லா ஜீவர்க்கும் பொதுவான விதியன்று. பரமபுருஷனுக்கு உகந்ததிலேயே உறுதியாக நின்றவனுக்கு அவன் நற்செயல்களில் ருசியைப் பிறப்பிக்கிறான்; அவனுக்கு மாறானதிலேயே உறுதியாக நின்றவனுக்கு அதற்கேற்ற ருசியை விளைவிக்கிறான். இரண்டிலும் ஜீவனின் நிலைப்பாடு முன்னும், ஈச்வரனின் ப்ரேரணை பின்னும் அமைகின்றன.

அம்மாளின் கோஷ்டி

பாஷ்யகாரர் வாக்கியங்களில் பொதிந்திருந்த முறையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர் வாத்ஸ்ய வரதாசார்யர் என்னும் நடாதூர் அம்மாள். அவர் அருளிய தத்த்வஸாரம் இந்த அர்த்தத்தை ஒரே ச்லோகத்தில் அடக்குகிறது. ஈச்வரன் அளித்த ஸ்வாதந்த்ரிய சக்தியால் புருஷன் முதலில் தானே அறிவையும், செய்யவேண்டும் என்ற விருப்பத்தையும், முயற்சியையும் உண்டாக்குகிறான். அந்நிலையில் ஈச்வரன் உபேக்ஷித்து நிற்கிறான். அடுத்து அநுமதிக்கிறான். பின்னர் நிக்ரஹ அநுக்ரஹங்களைச் செய்து பலனைத் தருகிறான். உதாஸீநன், அநுமந்தா, பலப்ரதன் என்னும் இம்முறை பிற்காலத்து வ்யாக்யாதாக்களுக்கு அளவுகோலாயிற்று.

முதல் க்ஷணத்தில் ஈச்வரன் உபேக்ஷித்தால், அந்த க்ஷணத்தில் அவன் நியந்தா அல்லனோ என்று கேட்கலாம். ஜீவனின் இருப்பும், அவன் கொண்ட சக்தியும், அது நிலைபெறும் ஆதாரமும் அப்பொழுதும் ஈச்வரனையே பற்றி நிற்கின்றன. தடுக்க வல்லவன் தடாது நிற்பது அவனுடைய ஸங்கல்பமே, இயலாமை அன்று. நடக்கப் பழகும் குழந்தையின் கையைத் தாய் ஒரு கணம் விட்டு நின்றாலும், அவள் பார்வையும் நீட்டிய கையும் அக்குழந்தையை விட்டு நீங்குவதில்லை.

இதைவிடக் கடினமான சங்கை ஒன்று உண்டு. முதல் விருப்பமே முற்பிறவி வாஸநையால் எழுகிறது, அவ்வாஸநை அதற்கு முந்திய கர்மத்தால் வந்தது, கர்மமோ அநாதி. ஆகவே ஆஜீவகன் சொன்ன நூலுண்டை கர்மம் என்ற வேறு பெயரில் திரும்பி வந்துவிடவில்லையா? கீதையின் மூன்றாம் அத்யாயத்தில் இச்சங்கையும் பரிஹாரமும் அடுத்தடுத்த ச்லோகங்களில் உள்ளன. அறிந்தவனும் தன் ப்ரக்ருதிக்கு ஏற்பவே நடக்கிறான் என்று கூறிய கண்ணன், உடனேயே விருப்பு வெறுப்புகளின் வசப்படவேண்டாம் என்று விதிக்கிறான். ப்ரக்ருதி என்பதைப் பழைய வாஸநை என்றே கீதாபாஷ்யம் கொள்கிறது. வாஸநை இழுக்கும், அந்த இழுப்பு எழாமல் தடுக்க முடியாது. எழுந்த இழுப்பிற்கு வசமாவதும் ஆகாததும் வேறு செயல். அங்கே தான் விதிவாக்கியத்திற்கு இடம் உண்டு. முழுவதும் தள்ளப்படுபவனை நோக்கி வசப்படாதே என்று சொல்வது, ஆற்றுவெள்ளத்தில் போகும் மரத்தை நோக்கி நில் என்பதை ஒக்கும். சாஸ்த்ரம் மரத்தோடு பேசுவதில்லை.

இந்த இடத்தில் மத்வ ஸித்தாந்தத்தோடு உள்ள வேற்றுமையும் தெளிவாகும். ஜீவனின் கர்த்ருத்வம் ஈச்வராதீநம் என்பதில் இருவரும் ஒத்துநிற்கின்றனர். ஆனால் ஜீவர்களின் ஸ்வரூபத்திலேயே யோக்யதை தாரதம்யத்தை ஆனந்ததீர்த்தர் ஒப்புகிறார். முக்திக்குத் தகுதியற்ற ஜீவவர்க்கமும் அங்கே உண்டு. விசிஷ்டாத்வைதத்தில் ஜீவ ஸ்வரூபம் எங்கும் ஞானானந்தமயமாய் ஒரே தன்மையது. வேற்றுமை கர்மத்தால் வந்தது, ஆகவே நீங்கத்தக்கது.

1323ஆம் ஆண்டின் ஸாக்ஷ்யம்

அம்மாளின் கோஷ்டியில் கேட்டவற்றை எழுதிவைத்தவர் ஸுதர்சன ஸூரி. கேட்டதன் விளக்கம் என்னும் பொருளிலேயே அவர் நூல் ச்ருதப்ரகாசிகை எனப் பெயர் பெற்றது. அக்கோஷ்டிக்கே ஐந்து வயதுக் குழந்தையான வேங்கடநாதனை மாதுலரான கிடாம்பி அப்புள்ளார் அழைத்துச் சென்றார் என்பது குருபரம்பரை ப்ரஸித்தம். 1268இல் தூப்புலில் அவதரித்த அக்குழந்தையே ஸ்வாமி தேசிகன்.

1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது நடந்தவை இவ்விசாரத்திற்கு வரலாறு தரும் ஸாக்ஷ்யம். முதியவரான பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டு, வழியில் ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். ஸுதர்சன ஸூரி ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் தம் இரு குமாரர்களையும் தேசிகனிடம் ஒப்புவித்தார். தேசிகன் பிணங்களினிடையே மறைந்திருந்து அவற்றைக் காத்து, ஸத்யாகாலம் சென்று சேர்ந்தார் என்று பரம்பரை கூறுகிறது. ஜீவனின் முயற்சி உபாயமாகாது என்று மிக உறுதியாக எழுதியவர் பிள்ளை லோகாசார்யர். ப்ரபத்தியை வ்யாஜமாகக் கொண்டவர் தேசிகன். கொள்கையில் இவ்வளவு வேறுபட்டுப் பேசப்படும் இருவரும் அந்த ஆண்டில் ஒரே வகையாக நடந்தனர். அரங்கன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று முன்னவர் இருந்துவிடவில்லை. ஏடு பிழைக்க விதி இருந்தால் பிழைக்கும் என்று பின்னவர் கைவிடவில்லை. இன்று கர்த்ரதிகரணத்தைச் ச்ருதப்ரகாசிகையோடு சேவிக்க முடிவதே அந்த முயற்சியின் பலன்.

இரு ஸம்ப்ரதாயங்களின் வேற்றுமையையும் இந்த ஒளியில் நோக்குவது நலம். தத்த்வத்ரயத்தில் பிள்ளை லோகாசார்யர் குணங்களுக்கே கர்த்ருத்வம் என்ற பக்ஷத்தை மறுத்து, அங்ஙனமாயின் ஜீவன் சாஸ்த்ரத்திற்கு வசப்பட்டவனாகவும் பலனை அநுபவிப்பவனாகவும் இருக்கமுடியாது என்கிறார். பின்னர் அக்கர்த்ருத்வம் ஈச்வராதீநம் என்று முடிக்கிறார். இது பாஷ்யகாரரின் இரண்டு அதிகரணங்களின் வரிசையே. ஆக, ஜீவன் கர்த்தா என்பதில் கலைபேதம் இல்லை. மோக்ஷத்தின் பொருட்டு அந்தக் கர்த்ருத்வத்திற்கு என்ன பங்கு என்பதிலேயே பேதம். ஈச்வரனின் நிர்ஹேதுக க்ருபையே பற்றும், ஜீவன் விலக்காமல் இருந்தாலே போதும் என்பது ஒரு பக்ஷம். பக்ஷபாதம் என்ற தோஷம் ஈச்வரனைத் தொடாதிருக்க, ஜீவனிடம் சிறிய வ்யாஜம் ஒன்று வேண்டும் என்பது மற்றொரு பக்ஷம். விலக்காமையும் வ்யாஜமும் அளவில் எவ்வளவு சிறியவை ஆயினும், இரண்டும் கல்லுக்குப் பொருந்தா, சேதநனுக்கே பொருந்தும்.

கடிகாசலத்தின் பங்கு

தேசிகனின் சததூஷணிக்கு சண்டமாருதம் என்னும் விரிந்த வ்யாக்யானத்தை இயற்றியவர், மஹாசார்யர் என்றும் தொட்டயாசார்யர் என்றும் வழங்கப்படும் சோளசிம்மபுரத்து ஆசார்யர். அவர் காலம் 16ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பாராசர்யவிஜயம், அத்வைதவித்யாவிஜயம் முதலிய நூல்களும் அவருடையவை. அவர் சிஷ்யரான ஸ்ரீநிவாஸாசார்யர் இயற்றிய யதீந்த்ரமததீபிகை, ஸித்தாந்தத்தைக் கற்கப் புகுவோர் இன்றும் முதலில் எடுக்கும் நூல். பத்து அவதாரங்களாக அமைந்த அந்நூலில் ஏழாவது தர்மபூதஞானத்தையும், எட்டாவது ஜீவனையும், ஒன்பதாவது ஈச்வரனையும் கூறுகின்றன. விருப்பமும் முயற்சியும் ஜீவனின் தர்மபூதஞானம் அடையும் அவஸ்தைகளே என்பது ஸித்தாந்தம். விளக்கின் ஒளி விளக்கை விட்டுப் பிரியாதது போல, முயற்சி ஜீவனை விட்டுப் பிரியாத தர்மத்தின் நிலை. ஆகவே ஒருவன் முயன்றான் எனில், வெளியிலிருந்து வந்து அவன்மேல் ஏறிய ஒன்றாக அதைச் சொல்ல இயலாது. நியதிக்கும் யத்ருச்சைக்கும் விடை இங்கே தத்த்வ நிரூபணமாகவே அமைந்துவிடுகிறது.

தொட்டயாசார்யரின் சரித்திரமும் இந்த அர்த்தத்திற்கு இசைந்தது. காஞ்சியில் வைகாசி உத்ஸவத்துக் கருட ஸேவையைத் தவறாது சேவித்துவந்த அவரால் ஓராண்டு உடல் நலிவால் செல்ல முடியவில்லை. சோளசிம்மபுரத்துத் தக்கான் குளக்கரையில் அவர் உருகி நின்றபோது, பேரருளாளன் கருடாரூடனாய் அங்கேயே காட்சி தந்தான் என்றும், அப்பொழுது பிறந்ததே தேவராஜபஞ்சகம் என்றும் பரம்பரை கூறுகிறது. இன்றும் காஞ்சியில் கருட ஸேவையன்று கோபுர வாசலில் பெருமாளைக் குடைகளால் சிறிது நேரம் மறைத்துப் பின் ஸேவை ஸாதிப்பிப்பது தொட்டாசார் ஸேவை எனப்படுகிறது. நடக்க முடியாதவனிடம் நடையை ஈச்வரன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போகவேண்டும் என்ற விருப்பம் தொட்டயாசார்யருடையது. அதை வேறொருவர் அவர் பொருட்டுக் கொண்டிருக்க முடியாது. இரு கலையாரும் இக்காட்சியைத் தத்தம் நெறியில் விளக்கலாம். இரு விளக்கத்திலும் அந்த விருப்பத்திற்குரியவர் அவரே.

எல்லாம் அவன் செயல்

எல்லாம் அவன் செயல் என்னும் வாக்கு நம்மவரிடையே இரண்டு ஸந்தர்ப்பங்களில் வழங்குகிறது. நற்காரியம் முடிந்தபின் கைகூப்பிச் சொல்வது ஒன்று. தவறு வெளிப்பட்டபின் தப்புவதற்குச் சொல்வது மற்றொன்று. சொல் ஒன்றே, பொருள் வேறு. முன்னது பாஷ்யகாரரின் வழி. பின்னதில் பேசுவது ஆஜீவகனின் நியதி.

இந்த பேதத்தை அநுஷ்டானத்தில் காப்பதே ஸாத்த்விக த்யாகம். கர்மத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கர்த்ருத்வம், மமதை, பலன் ஆகிய மூன்றையும் ஈச்வரனிடம் ஸமர்ப்பிக்கிறோம். ஜீவன் கர்த்தா என்று நிறுவிய ஸித்தாந்தமே கர்த்ருத்வ த்யாகத்தையும் விதிப்பது முரண் அன்று. விடப்படுவது தான் ஸ்வதந்த்ரன் என்னும் அபிமானம், செயல் விடப்படுவதில்லை. இந்த த்யாகம் விஹித கர்மத்தின் அங்கமாகவே விதிக்கப்பட்டது. நிஷித்த கர்மத்தைத் தொடங்குமுன் இந்த ஸங்கல்பத்தைச் செய்வார் எவரும் இல்லை, செய்யவும் முடியாது. பாபத்திற்கு உரியது ப்ராயச்சித்தமும் அநுதாபமும். செய்தவன் நானே என்று ஒப்புபவனுக்கே அவ்விரண்டும் வாய்க்கும். நல்லதில் அவனை முன்னிட்டும் அல்லாததில் தன்னை முன்னிட்டும் பேசக் கற்றவன், கர்த்ரதிகரணத்தையும் பராயத்தாதிகரணத்தையும் அவற்றின் வரிசை மாறாமல் கற்றவன் ஆவான்.